முதல் கடி

அந்தப் பெண்ணை எல்லாரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓரிடத்தில் உட்கார மாட்டாள். அவள் அன்று காலை, “நானும் உபவாசம் இருக்கேம்மா” என்றதும், தலைவாரிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

“சாயங்காலம் வரைக்கும் தண்ணி மட்டும்தான். தாங்குவியா?”

“தாங்குவேன்.”

அப்பாவுக்குச் செல்போன் டவர்களைப் பழுதுபார்க்கும் வேலை. புயலில் மலைமேல் இருந்த டவர் வேலை செய்யாமல் போகவே, ஜீப் ஓட்டும் மாமாவோடு கிளம்பிப் போனார். அதன்பிறகு இருவரிடமிருந்தும் பேச்சே இல்லை. மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது என்ற செய்தி மட்டும் வந்தது.

“ஊருக்கெல்லாம் சிக்னல் குடுக்கிறவரு நமக்கு ஒண்ணு குடுக்க மாட்டேங்கிறாரே” என்று அம்மா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அவர்களுக்காகத்தான் சபையில் உபவாச ஜெபம்.

செருப்பை மாட்டும்போதே பம்பரம் மனதுக்குள் ஆண்டவரிடம் பேசி முடித்துவிட்டாள். ‘நான் ஒண்ணும் சாப்பிட மாட்டேன். நீங்க அப்பாவைப் பத்திரமா அனுப்பிடணும். பேச்சு மாறக் கூடாது.’

சபையில் எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். போதகர் மெல்லிய குரலில் ஜெபித்தார். பம்பரமும் கண்ணை மூடினாள். மூடியதும் ரொட்டிதான் தெரிந்தது. கண்ணைத் திறந்தாள். ஜன்னலில் ஓர் ஈ கண்ணாடியை முட்டி முட்டிப் பறந்தது. மறுபடி மூடினாள். இப்போது வெண்ணெய் தடவிய ரொட்டி.

‘எல்லாரும் அழுது ஜெபிக்கிறாங்க. நான் மட்டும் ரொட்டியைப் பார்க்கிறேன். ஆண்டவர் என்ன நினைப்பார்?’ வயிறு கடமுடா என்றது. கால் மரத்துப்போனது. வாசலில் ஏதாவது வண்டி நின்றால் மனம் எழுந்து ஓடியது. அப்பா இல்லை. ஒவ்வொரு முறையும் அப்பா இல்லை.

அப்போது பின்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. ஜீப் மாமாவின் மகன், பொடியன். மூன்று வயதுகூட ஆகவில்லை. அவன் அம்மா கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

பம்பரம் எழுந்து போனாள். “அத்தை, இவனை நான் வெளியில கூட்டிட்டுப் போகட்டா?”

“காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலம்மா. என் கையால குடுத்தா துப்பிடறான்” என்று ரொட்டியை அவளிடம் கொடுத்தாள்.

வாசல்படியில் உட்கார்ந்து பம்பரம் ரொட்டியை நீட்டினாள். பொடியன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

“நீ மொதல்ல.”

“நானா?”

“அப்பா மொதல்ல கடிப்பாரு. அப்புறம்தான் நான்.”

அவளுக்குப் புரிந்தது. அவன் சாப்பாட்டுக்காக அழவில்லை, அப்பாவுக்காக அழுகிறான்.

ரொட்டியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரலால் மறைத்து, கடிப்பதுபோல் கடித்தாள். “ம்ம்ம்… ரொம்ப நல்லாயிருக்கு” என்று வெறும் வாயை மென்றாள்.

“வாயத் தொற” என்றான் பொடியன்.

திறந்தாள். அவன் எட்டிப் பார்த்தான். “ஒண்ணுமே இல்ல.”

“முழுங்கிட்டேன்டா.”

அவன் ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடித்த தடமே இல்லை. உதடு பிதுங்கியது. மறுபடி அழுகை கிளம்பியது. இந்தமுறை சத்தம் வரவில்லை. அதற்கும் தெம்பில்லை.

கடித்தால் ஆண்டவரிடம் சொன்ன வார்த்தை போய்விடும். வார்த்தை போனால் அப்பா? கடிக்காவிட்டால் இவன்?

அவள் பொடியனைப் பார்த்தாள். ரொட்டியைப் பார்த்தாள். பெரிதாக ஒரு கடி கடித்தாள்.

வாயைத் திறந்து காட்டினாள். பொடியன் சிரித்தான். ரொட்டியைப் பிடுங்கி, இரண்டு கையாலும் அமுக்கி அமுக்கித் தின்றான். அவள் வாயில் இருந்தது தொண்டையில் இறங்க வெகுநேரம் ஆனது. கண்ணீர்தான் முதலில் இறங்கியது.

தின்று முடித்ததும் பொடியன் அவள் மடியிலேயே தூங்கிப்போனான். அசைந்தால் விழித்துவிடுவான். அவள் அசையவில்லை.

‘ஆண்டவரே, சாப்பிட்டுட்டேன். இனிமே உங்ககிட்ட குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு. அப்பா எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியும்ல? அவர்கூட இருங்க. மாமாகூடவும் இருங்க. எங்கூடவும் கொஞ்சம் இருங்க.’

பதில் எதுவும் கேட்கவில்லை. பயமும் போய்விடவில்லை. ஆனால் காலையில் பேசி முடித்துவிட்டவளுக்கு, இப்போது பேசப் பேச வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் யாரோ உட்கார்ந்து கேட்பதுபோல் இருந்தது.

வெயில் சாயும்போது அம்மா தேடிக்கொண்டு வந்தாள்.

“என் உபவாசம் போச்சும்மா. இவன் நான் சாப்பிட்டாத்தான் சாப்பிடுவேன்னான்.”

அம்மா குனிந்தாள். தூங்கும் பொடியனின் உதட்டில் ஒட்டியிருந்த ரொட்டித்தூளைத் துடைத்தாள். பிறகு மகளின் உதட்டையும் துடைத்தாள்.

“உள்ள நாங்க எல்லாரும் இவன் அழுறதைக் கேட்டோம். நீதான் எழுந்து வந்த” என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்பா வந்துடுவாராம்மா?”

“தெரியலடி. வா, ரெண்டு பேரும் சேர்ந்து கேப்போம்.”

கையைக் கோத்துக்கொண்டு கண்ணை மூடினார்கள். இருட்டத் தொடங்கும்போது அம்மாவின் போன் அடித்தது. அம்மா சட்டென்று எடுத்தாள். ஒரே கரகரப்பு. அதற்குள்ளிருந்து அப்பாவின் குரல்.

“கேக்குதா? கீழ வர ரோடு இல்ல, மலைமேலயே ஒரு பள்ளிக்கூடத்துல தங்கியிருக்கோம். இப்பத்தான் டவரைச் சரி பண்ணினோம். மொதல் போன் உங்களுக்குத்தான். நல்லாயிருக்கோம், ரெண்டு பேருமே நல்லாயிருக்கோம்.”

அம்மாவால் பேச முடியவில்லை. அத்தை உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அவளாலும் முடியவில்லை. போன் பம்பரத்தின் காதுக்கு வந்தது. இப்போது ஜீப் மாமாவின் குரல் அவசரமாகக் கேட்டது.

“யாரு, பம்பரமா? எம் பையன் சாப்பிட்டானா?”

பம்பரம் மடியைப் பார்த்தாள். பொடியன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

“சாப்பிட்டான் மாமா. மொதல் கடி மட்டும் நான். மிச்சமெல்லாம் அவன்தான்.”