சலூனுக்குள் குடியேறிய சந்து

சிட்டுவின் தம்பி உருண்டைக்குப் பாதி முடிதான் வெட்டி முடிந்திருந்தது. அதற்குள் நகராட்சிக் குழாய்க்காரர் கையில் பெரிய போனோடு சலூனுக்குள் நுழைந்தார்.

"இந்த இடத்துல பதினாலு குடும்பம் இருக்காமே? பெரிய குழாயா போடணுமா, சின்னதா போதுமா?"

சலூன் மாமாவின் கத்தரி அந்தரத்தில் நின்றது. "என்ன சார், காலையிலேயே விளையாட்டா? இது கடை. ராத்திரியானா இங்க கரப்பான்பூச்சிகூட தங்காது."

"போன்ல பதினாலு புள்ளி இருக்கே! ஒரு புள்ளின்னா ஒரு வீடு. நேர்ல வந்து பார்த்துதான் வெச்சிருக்காங்க."

மாமா குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார். எதைத் தேடினார் என்று அவருக்கே தெரியாது.

தம்பியைக் கூட்டி வந்திருந்த சிட்டு எழுந்து போய் போனை எட்டிப் பார்த்தாள். சிட்டு ஐந்தாம் வகுப்பு. எதையும் எட்டிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது.

போனில் வரைபடம் தெரிந்தது. இதோ பள்ளிக்கூடம், இதோ பெரிய ரோடு, இதோ சலூன். சலூனின் மேல் புள்ளிகள் எறும்பு மொய்த்த மாதிரி குவிந்து கிடந்தன. பக்கத்திலேயே அவளுடைய சந்து. அதில் ஒரு புள்ளிகூட இல்லை.

"எங்க வீடு எங்க?" என்று அந்த இடத்தைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள்.

"அந்தச் சந்தா? அங்க யாரும் குடியில்லைம்மா. அதனால அங்க குழாயும் கிடையாது."

"நான் அங்கதானே இருக்கேன்!"

"நீ இருக்கே, சரி. மேப்புல நீ இல்லையே!"

சிட்டுவுக்குத் தலை சுற்றியது. காலையில்தான் அந்த வீட்டில் பல் தேய்த்தாள். இல்லாத வீட்டில் எப்படிப் பல் தேய்க்க முடியும்?

அவளுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. வண்டிகள் பறக்கிற பெரிய ரோட்டைத் தாண்டிப் போய்த்தான் அம்மா தினமும் தண்ணீர் எடுத்து வருகிறாள். சாயங்காலம் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு, "சந்துக்குள்ள குழாய் வந்துட்டா போதும்டி" என்பாள். சிட்டு குழாய்க்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாத்திடுங்களேன், சார்."

"என்னால மாத்த முடியாதும்மா. புள்ளி வெச்சவங்கதான் மாத்தணும். நாளைக்குக் காலையில தோண்ட ஆரம்பிச்சுடுவோம்."

"அப்ப அவங்களைக் கூப்பிடுங்க!"

குழாய்க்காரர் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் புள்ளி வைத்த அக்கா வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாள். வரைபடத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப்போனது.

"நான் ஒரு வீடு விடாம போனேனே! இந்தப் பாப்பா வீட்டுல தண்ணிகூட வாங்கிக் குடிச்சேன்."

குழப்பம் தீரும் என்று பார்த்தால் இரண்டு மடங்கானது. வீடு வீடாகப் போயிருக்கிறாள். ஆனால் வீடுகள் எல்லாம் சலூனில் இருக்கின்றன!

"அக்கா, அன்னிக்குச் செஞ்ச மாதிரியே இப்பவும் செஞ்சு காட்டுங்க" என்றாள் சிட்டு.

எல்லோரும் சந்துக்குள் நடந்தார்கள். பாதி முடியோடு உருண்டையும் பின்னாலேயே ஓடினான். சிட்டுவின் வீட்டு வாசலில் நின்று அக்கா பொத்தானை அழுத்தினாள். போனில் பெரிய நீல வட்டம் ஒன்று வந்தது.

"இந்த வட்டம் சின்னதாகணும். அப்பதான் சரியான இடம் கிடைக்கும்."

வட்டம் சின்னதாகவே இல்லை. அக்கா போனைப் பார்த்தபடி நாலடி நடந்தாள். இன்னும் நாலடி நடந்தாள். கடைசியில் சலூன் வாசலுக்கே வந்துவிட்டாள். வட்டம் சுருங்கியது. கை பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்தப் போனது.

"அய்யய்யோ!" என்று கையை இழுத்துக்கொண்டாள். "அன்னிக்கும் இப்படித்தான் செஞ்சிருக்கேன். ஒவ்வொரு வீட்டுலயும் பேரை எழுதிக்கிட்டு, இங்க வந்து வந்து அழுத்தியிருக்கேன்!"

"அங்க மட்டும் ஏன் சுருங்க மாட்டேங்குது?" என்று கேட்டாள் சிட்டு.

"வானத்துல சுத்துற செயற்கைக்கோள்தான் இடத்தைச் சொல்லும். அது ஏன் அங்க..." அக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

சிட்டு மறுபடி சந்துக்குள் ஓடி அண்ணாந்து பார்த்தாள். வெயிலுக்குப் பயந்து இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் வாசல் தகரத்தை நீட்டி நீட்டி விட்டதில், அது நடுவில் முட்டிக்கொண்டு நின்றது. வானம் ஒரு பொட்டுகூடத் தெரியவில்லை.

"அக்கா! போனுக்கு வானமே தெரியலை! எங்க மொட்டை மாடிக்கு வாங்க!"

மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அக்கா போனை நீட்டினாள். நீல வட்டம் மளமளவென்று சுருங்கி, ஒரு புள்ளியாகி, சிட்டுவின் வீட்டின் மேல் உட்கார்ந்தது.

"நம்ம வீடு வந்துடுச்சு!" என்று உருண்டை குதித்தான்.

அப்புறம் என்ன? ஒவ்வொரு வீட்டு மாடிப்படியாக ஏறி இறங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் சந்து முழுக்கப் புள்ளிகள் முளைத்துவிட்டன. சலூனில் ஒன்றுகூட மிச்சமில்லை.

கீழே காத்திருந்த குழாய்க்காரர் கேட்டார். "யாரு பண்ணின தப்பு இது? ஆபீஸ்ல கேட்பாங்களே."

அக்கா தலை குனிந்தாள்.

"தகரம் பண்ணின தப்பு, சார்" என்றாள் சிட்டு. "தகரம் இருக்கிற இடத்துல மாடிக்குப் போகணும்னு ஆபீஸ்ல சொல்லிடுங்க."

குழாய்க்காரர் சிரித்துக்கொண்டே, "அப்படியே சொல்லிடறேன்" என்றார். அக்கா சிட்டுவின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

சில வாரங்களில் சந்துக்குக் குழாய் வந்துவிட்டது. முதல் நாள் காலை சிட்டு குழாயடியிலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா இடுப்பில் குடத்தோடு வேகவேகமாக வந்தாள். குழாயைத் தாண்டிப் பெரிய ரோட்டுப் பக்கம் நடந்தாள்.

"அம்மா! எங்க போறே?"

அம்மா திரும்பினாள். குடத்தைப் பார்த்தாள். சிட்டுவைப் பார்த்தாள். சிட்டுவுக்குப் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தாள்.

"அட, ஆமால்ல!" என்று வாய்விட்டுச் சிரித்தபடி குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.