மலைமேல் என்றொரு பரம்பரை

பிஜித் தீவிலிருந்து வந்த கோவிந்தன் தலைவலியோடுதான் படியேறினான். உட்கார்ந்ததும், "உருண்டை மருந்து ஏதாவது இருக்குங்களா?" என்றான்.

காளியப்பன் சிரித்துவிட்டான். "மாத்திரைன்னு சொல்லுங்க சார்."

"எங்க வூட்ல அப்படித்தாங்க சொல்லுவோம்."

எழுபதாம் வருஷம் தர்மபுரியில் துப்பறிவாளர் என்று பலகை மாட்டியிருந்தவர் சவுரியப்பன் ஒருவர்தான். காளியப்பன் அவருடைய உதவியாளன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே கொலைக் கேஸ் என்று எழுந்து நிற்பவன்.

"என் பேரு கோவிந்தன் மலைமேல்," என்றான் வந்தவன். "மலைமேல்ங்கறது எங்க குடும்பப் பேரு. அது எந்த ஊருன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க. ஏரியூர் தர்மனோட பொண்ணு தீர்த்தம்மாளைக் கட்டிக்க ஆசைப்படறேன். அவளுக்கும் சம்மதம். தாத்தன் யாருன்னு தெரியாதவனுக்குப் பொண்ணு இல்லைன்னுட்டார்."

"அந்தப் பேர் எப்படி வந்தது?"

"எங்கப்பாவைப் பெத்த ஆயா, அவரைக் கைக்குழந்தையாத் தூக்கிக்கிட்டு தனியாக் கப்பல் ஏறுச்சு. துறைமுகத்துல இருந்த குமாஸ்தா, ஆயாவோட புருஷன் பேரைக் கேட்டு எழுதினானாம். அதுவே நின்னுடுச்சு. ஆயா ஏரியூர்ச் சந்தையைப் பத்தி ஓயாம பேசும். தாத்தாவைப் பத்தி மூச்சு விடாது."

மதியச் சாப்பாடு வந்தது. "அட, முருங்கைக்காய்! அங்கேயும் உண்டுங்க. இந்த முத்துப்பழமும் உண்டு," என்று தட்டிலிருந்த மாதுளையைக் காட்டினான் கோவிந்தன். சவுரியப்பன் அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பினார்.

காளியப்பன் ஒவ்வொரு மலைக் கிராமமாக ஏறி இறங்கினான். மலைமேல் என்று ஓர் ஊர் எங்கும் இல்லை. சவுரியப்பன் ஏரியூருக்கு மட்டும் போய் இரண்டு கிழவர்களிடம் பேசிவிட்டு வந்தார்.

"கண்டுபிடிச்சாச்சு," என்றார்.

"அப்புறம் ஏன் சார் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?"

"கண்டுபிடிச்சதாலதான்."

ஞாயிற்றுக்கிழமை தர்மன் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். உள்ளே கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தர்மன் உற்சாகமாக இருந்தார்.

"சொல்லுங்க சார். நம்ம ஜனந்தானா?"

"மலைமேல்ங்கறது ஊரில்லை," என்றார் சவுரியப்பன். "ஒரு பொம்பளை சொன்ன பதில். கட்டின புருஷன் பேரை எவ சொல்லுவா? குமாஸ்தா அதட்டியிருப்பான். 'மலைமேல இருக்கிற சாமி பேருங்க'ன்னு ஜாடையாச் சொல்லியிருப்பா. அவன் காதுல விழுந்த முதல் வார்த்தையை எழுதிக்கிட்டான்."

"மலைமேல சாமின்னா முருகன்!" என்று துள்ளினான் காளியப்பன்.

"முருகன்னா, அந்தப் பேர் மாதிரி ஆரம்பிக்கிற முருங்கைக்காயும் அவ வாயில வந்திருக்காது. கோவிந்தன் அதைச் சரியாத்தான் சொன்னார். மாத்திரையைத்தான் உருண்டை மருந்துன்னார். மாதுளையை முத்துப்பழம்னார். ஆயா சொல்லாத வார்த்தை, கேட்டு வளர்ந்த பேரனுக்கும் வரல. மாத்திரை, மாதுளை, ரெண்டும் 'மா'ன்னுதானே ஆரம்பிக்குது? இந்தப் பக்கத்துல மலைமேல இருக்கிற சாமி யாரு?"

"மாதேஸ்வரன்," என்றார் தர்மன். "அப்போ தாத்தன் பேரு மாதேசன். எங்கப்பனும் மாதேசன்தான். இங்க வூட்டுக்கு ஒரு மாதேசன் சார்!" என்று சிரித்தார்.

"அதனாலதான் இன்னொரு பேர் தேவைப்பட்டுச்சு. கோவிந்தன், அன்னைக்கு என்கிட்ட சொன்னதை இவர்கிட்ட சொல்லுங்க. உங்க ஆயா பேரு என்ன?"

"குள்ளம்மாள். இங்க யாரும் கேக்கலீங்களே."

தர்மனின் சிரிப்பு நின்றது. "எங்கப்பனோட மூத்த தாரம்..." என்றார். "கைக்குழந்தையோட காவேரி வெள்ளத்துல போயிட்டான்னு... வருஷா வருஷம் ஆடிப்பெருக்குக்குச் சேலை வெச்சுக் கும்புடறோமே."

"பொணம் கெடைச்சுதா?" என்றார் சவுரியப்பன்.

தர்மன் தலையசைத்தார். இல்லை.

"ஆயா முதுகெல்லாம் சூடு போட்ட தழும்பு," என்றான் கோவிந்தன் மெதுவாக. "கேட்டா, அடுப்பு சுட்டுடுச்சுன்னு சொல்லும். முதுகை எப்படிங்க அடுப்பு சுடும்?"

சூடு போட்ட புருஷனின் பெயரை மரியாதைக்குப் பயந்து சாகும்வரை சொல்லாமலிருந்தாள். அவள் பெயரை இங்கே ஒருவரும் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. சவுரியப்பன் தர்மன் பக்கம் திரும்பினார்.

"நீங்க கேட்ட தாத்தன் கெடைச்சுட்டார்," என்றார். "உங்கப்பன்தான். கோவிந்தனோட அப்பா உங்களுக்கு அண்ணன்."

காளியப்பன் அவர் காதருகே குனிந்தான். "வேற ஒரு மாதேசனைக் காட்டியிருக்கலாமே சார்."

"அவன் கேட்டு வந்தது அதையில்லையே."

தர்மன் எழுந்து வந்து கோவிந்தனின் தோளைப் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "எங்கண்ணன் மவனாடா நீ!" என்றார். கோவிந்தன் அவரைப் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தீர்த்தா, அண்ணனுக்கு இலை போடு," என்று தர்மன் குரல் கொடுத்தார்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. யாரும் வரவில்லை.

"காது கேக்கலையா?" என்றார் தர்மன், இன்னும் உரக்க. "அண்ணன் எவ்வளவு நேரமா நிக்குது பாரு."