முருகேசற்றை பட்டாள நட்சத்திரம்

மாக்கிறேற் படலையைத் திறக்கேக்கையே அழுகை தொடங்கீட்டுது. பதினேழு வயசு. ஊர்காவற்துறையிலை கடற்றொழில் செய்யிற குடும்பத்துப் பிள்ளை. புளியங்கூடலிலை முருகேசர் வீட்டிலை கூட்டித் துடைக்க வாறவள். அங்கையிருந்துதான் ஓடி வந்து, இப்ப தம்பிஐயாவின்ரை விறாந்தையிலை மூச்சு வாங்க நிண்டாள்.

தம்பிஐயா கோட்டிலை வேலை பாத்தவர். சாட்சிக்காரர் தமிழிலை சொல்லுற பொய்யை நீதவானுக்கு இங்கிலீசிலை மாத்திச் சொல்லியே தலை நரைச்ச மனுசன். ஓய்வெடுத்தாப் பிறகும் ஊர் அவரை விடுகுதில்லை. கோழி காணேல்லையெண்டாலும் அவரட்டைத்தான் வருவினம். அது அவருக்கு எரிச்சல். தங்கச்சி இரஞ்சிதத்துக்கோ அதுதான் சந்தோசம். பிள்ளை வாய் திறக்க முந்தியே அவ குடையை எடுத்துப்போட்டா.

"என்ன களவு பிள்ளை?"

"முதல்லை அவளை இருக்க விடு இரஞ்சிதம்," எண்டார் தம்பிஐயா.

விசயம் இதுதான். முருகேசர் இரண்டாம் உலகச் சண்டைக் காலத்திலை வெள்ளைக்காரன்ரை பட்டாளத்திலை இருந்தவர். அவரட்டை இரண்டு பதக்கம். ஒண்டு ராசாவின்ரை தலை போட்ட வட்டம், வெள்ளி மாதிரிப் பளபளக்கும். மற்றது மங்கின வெண்கல நட்சத்திரம். நாட்டுக்குள்ளை காவல் நிண்ட ஆக்களுக்கு வட்டம் மட்டுந்தான்; வெளிநாட்டுச் சண்டைக்குப் போனவைக்குத்தான் நட்சத்திரமும். இப்ப பழைய பட்டாளக்காரர் சங்கம் ஒண்டு, வெளிநாடு போனவைக்கு வன்னியிலை காணி எடுத்துத் தரப் பாக்குதாம். ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலையிருந்து ஒரு கப்டன் வருவாராம். பதக்கத்தைப் பாத்து, எங்கை நிண்டனீர், எப்ப நிண்டனீர் எண்டு ஒவ்வொருத்தரையும் விசாரிப்பாராம். அந்தச் செய்தி வந்த அடுத்த நாள் நட்சத்திரத்தைக் காணேல்லை. அலுமாரியைத் துடைச்சவள் மாக்கிறேற். பிறகென்ன, அவள்தான் கள்ளி.

"கொன்வென்ற் மதர் என்னைத் தாதிப் படிப்புக்கு அனுப்புறதாச் சொன்னவ ஐயா. முருகேசர் அங்கை போய், நான் கள்ளியெண்டு சொல்லிப்போட்டார். திங்கட்கிழமை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகினம். என்னை இனி ஆர் கூட்டிக்கொண்டு போறது?"

தம்பிஐயா அவளை அழ விட்டுட்டுப் பிறகு கேட்டார். அலுமாரியிலை வேறை என்ன போனது? ஒண்டும் போகேல்லை. வட்டப் பதக்கம் அதே இடத்திலை கிடக்குதாம்; பக்கத்திலை இருந்த வெள்ளிக் குங்குமச் சிமிழும் கிடக்குதாம். நட்சத்திரம் தொங்கின நாடா என்ன நிறம்? அவள் எத்தினை தரம் அதைத் துடைச்சிருக்கிறாள். மணல் நிறம், நடுவிலை அகலமாச் சிவப்புக் கோடு, ஒரு பக்கம் கடும் நீலம், மற்றப் பக்கம் வெளிர் நீலம்.

"அண்ணை, வெள்ளியை விட்டிட்டு வெண்கலத்தை எடுத்தவன் மொக்குக் கள்ளன்," எண்டா இரஞ்சிதம்.

"இல்லை, விசயம் தெரிஞ்ச கள்ளன்," எண்டிட்டு அவர் செருப்பைப் போட்டார்.

முருகேசர் மூண்டு பேரையும் கண்ட உடனை தொண்டையைத் திறந்தார். பர்மாக் காட்டிலை தான் பட்ட பாடு, மழை, காலிலை அட்டை, யப்பான்காரன்ரை தோட்டா, கடைசியிலை ஒரு மீன்காரப் பெட்டை தன்ரை மானத்தைக் களவெடுத்த கதை. ஊருக்கே பாடமான பர்மாக் கதைதான். தம்பிஐயா பொறுமையாக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையிலை கண்ணை மூடினவர், நித்திரையோ தெரியாது.

குசினியிலை முருகேசற்றை மனுசி அன்னபூரணம் தன்ரை பாட்டுக்குப் பொரிஞ்சுகொண்டிருந்தா. கூழ் காய்ச்ச மீனும் நண்டும் வாங்கி வைச்சாச்சாம்; பனங்கிழங்கு இடிச்ச ஒடியல்மாதான் இன்னும் போடேல்லையாம். "இந்தாள் ஒடியல்மாப் பானையைத் தொட விடுகுதில்லை. மழைக் காலத்துக்கு வேணுமாம். நேற்றையிலையிருந்து இந்தக் கூத்து. கூழெண்டாச் சட்டியோடை குடிக்கிற மனுசன்." இரஞ்சிதம் நண்டு கெட்டுப்போகும் எண்டு கவலைப்பட்டா. தம்பிஐயா குசினிப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாத்தார்.

படலைக்கு வெளியிலை வந்ததும் இரஞ்சிதம் கள்ளனைப் பிடிச்சுத் தந்தா. யாகப்பு. அவரும் பட்டாளம் போனவர், காணிக்கு எழுதிப்போட்டவர், போட்டிக்காரன். தம்பிஐயா பெருமூச்சு விட்டார். ஆனாலும் போச்சினம்.

யாகப்பு கடற்கரையிலை தன்ரை வீட்டு வாசலிலை வலை பொத்திக்கொண்டிருந்தார். கேட்ட உடனை உள்ளை போய்த் தன்ரை வெள்ளைச் சேட்டை எடுத்துக்கொண்டு வந்தார். நெஞ்சிலை தைச்சபடி ஒரு நட்சத்திரம். மாக்கிறேற் கிட்டப் போய் நாடாவைப் பாத்தாள். அதே மணல் நிறம், அதே சிவப்பு.

"இதுதான் ஐயா."

"பிடிச்சாச்சு," எண்டா இரஞ்சிதம்.

"இதை நான் ஒவ்வொரு கோயில் பெருநாளுக்கும் போடுறனான் அக்கா. ஊரே கண்டிருக்கு," எண்டு யாகப்பு சிரிச்சார். நூலும் பழசு, நாடாவும் வெளிறிப்போச்சு. எகிப்து வனாந்தரத்திலை பட்டாள லொறி ஓட்டினதுக்குத் தந்ததாம். மணல் நிறம் அந்த மணலுக்குத்தானாம்.

"பர்மாவிலை நிண்டவைக்கும் இதுதானோ?" எண்டு தம்பிஐயா கேட்டார்.

"அது வேறை நட்சத்திரம் அண்ணை. நாடாவிலை நீலமும் சிவப்பும் செம்மஞ்சளும் இருக்கும்."

"நீரும் வாரும்," எண்டு அவரையும் கூட்டிக்கொண்டு தம்பிஐயா திரும்பி நடந்தார்.

முருகேசர் வீட்டு விறாந்தையிலை தம்பிஐயா எல்லாரையும் இருத்தினார். கதிரை காணாமல் மாக்கிறேற் தூணோடை நிண்டாள். தம்பிஐயா பிழை விட்டால் தனக்கு இனி ஆள் இல்லை எண்டு அவளுக்குத் தெரியும்.

"காசுக்கு எடுத்தவனெண்டா வெள்ளியை எடுத்திருப்பான். நட்சத்திரம் என்னத்துக்கு உதவுமெண்டு தெரிஞ்ச ஆள்தான் எடுத்தது. இந்தப் பிள்ளைக்கு அது துடைக்கிற சாமான். யாகப்புவுக்குத் தன்ரை இருக்கு. காணியிலை போட்டியுமில்லை, வெளிநாடு போன எல்லாருக்குந்தான். அப்ப அது காணாமல் போனா ஆருக்கு நல்லது?"

தம்பிஐயா முருகேசற்றை பக்கம் திரும்பினார்.

"முருகேசர், நீர் நிண்டதெண்டு சொல்லுறது பர்மாக் காடு. உம்மடை நட்சத்திரம் வனாந்தரம். இரண்டுக்கும் போயிருந்தா இரண்டு நட்சத்திரமெல்லோ இருக்கோணும்? ஊர் கேக்காது. கப்டன் நாடாவைக் கண்ட உடனை கேப்பார். களவு போனதெண்டா ஆரும் பாக்க ஏலாது. அன்னபூரணம், அந்த ஒடியல்மாப் பானையை ஒருக்காக் கொட்டும்."

"மழைக்கு வைச்ச மா," எண்டு முருகேசர் எழும்பினார். அதுக்குள்ளை மனுசி சுளகிலை கொட்டிப்போட்டா. மாவுக்கை கிடந்துது நட்சத்திரம்.

பிறகு முருகேசற்றை சத்தம் சின்னனாப் போச்சு. அவர் ஒரு கடலும் தாண்டேல்லை. திருகோணமலைத் துறைமுகத்திலை காவல். வட்டத்தோடை மட்டும் ஊருக்கு வர வெக்கமாக் கிடந்துதாம். கொழும்பிலை பழைய சாமான் கடையொண்டிலை நட்சத்திரத்தை வாங்கினாராம். அதிலை ஒருத்தற்றை பேரும் வெட்டியிருக்கேல்லை.

"யப்பான்காரன் திருகோணமலையிலை குண்டு போட்டவன்," எண்டார் யாகப்பு. "அப்ப எங்கை நிண்டனீர்?"

"துறைமுக வாசலிலை."

"நான் அண்டைக்குக் கெய்ரோவிலை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்திருப்பன். உம்மடை வட்டத்திலை என்னப்பா குறை?"

முருகேசர் கண்ணைத் துடைச்சார். இரஞ்சிதத்துக்கும் கண் கலங்கீட்டுது. மாக்கிறேற்றுக்கு மட்டும் கலங்கேல்லை. இந்த மனுசன்ரை வெக்கத்துக்குத் தானெல்லோ கள்ளியானவள்.

"சரி பிள்ளை, நீ நாளைக்கு வேலைக்கு வா. ஒண்டும் நடக்கேல்லையெண்டு வைப்பம்," எண்டார் முருகேசர்.

"அதை எனக்குச் சொல்லாதேங்கோ. மதரட்டை வந்து சொல்லுங்கோ."

"கூழ் குடிச்சிட்டு..."

"வந்து குடியுங்கோ," எண்டா அன்னபூரணம்.

கொன்வென்ற்றிலை மதர் நிண்டபடியே கேட்டா. முருகேசர் சுத்தி வளைச்சார்: பதக்கம் கிடைச்சிட்டுது, எங்கையோ தவறிக் கிடந்தது, பிள்ளையிலை குற்றமில்லை.

"அப்ப ஆர் எடுத்தது?" எண்டு மதர் கேட்டா.

முருகேசர் தம்பிஐயாவைப் பாத்தார். தம்பிஐயா, இதை நான் மாத்திச் சொல்லமாட்டன் எண்ட மாதிரி முற்றத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

"நான்தான் மதர். நான்தான் ஒளிச்சனான்."

மதர் மாக்கிறேற்றின்ரை பக்கம் திரும்பி, "திங்கட்கிழமை காலமை பெட்டியோடை வா," எண்டா.