கடைசி ஆள், முன்னால் வா!

"காலை நகர்த்தக் கூடாதுன்னா எப்படிடி நகர்றது?"

கேட்டது, ஓயாமல் புலம்பியே அந்தப் பட்டப்பெயர் வாங்கிய தொணதொண. ஐந்தாம் தடவை.

"ஆக்டினுக்குக் கால் கிடையாதுன்னு மிஸ் சொன்னாங்கல்ல? பேசாம நில்லு!" என்று பொரிந்தாள் கடுகு. அவள்தான் குழுத் தலைவி. சட்டென்று பொரிவதால்தான் அந்தப் பெயரே.

நாளை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஆறு பேரும் சேர்ந்து ஓர் இரத்த வெள்ளை அணுவாக ஊர்ந்துபோய்க் கிருமியைப் பிடிக்க வேண்டும். மேலே போர்த்திய படுக்கை விரிப்புதான் அணுவின் தோல். உள்ளே தோளைப் பிடித்து வரிசையாக நிற்பவர்கள், ஆக்டின் என்ற புரதத்தின் துணுக்குகள். ஒன்றன்முன் ஒன்றாக ஒட்டி நீண்டு, தோலை உள்ளிருந்து முன்னே தள்ளுவதுதான் அவற்றின் வேலை. ஒட்டிய துணுக்கு நடக்காது. இன்று மணி அடிப்பதற்குள் செய்து காட்டாவிட்டால் கண்காட்சியில் இடமில்லை.

ஆறு பேரும் ஒட்டியாயிற்று. விரிப்பு முன்னே போய் நின்றுவிட்டது. கிருமியோ இன்னும் நான்கடி தள்ளி.

கிருமியாக எதிரே நின்ற ஒல்லிப் பையன் ஒட்டடை கொட்டாவி விட்டான். "நான் வேணா சாப்பிட்டுட்டு வரட்டா?"

முன்னால் நின்ற கடுகு விரிப்பிலிருந்து தலையை நீட்டி, பக்கத்துக் குழுவைக் கூப்பிட்டாள். "ரெண்டு பேரைக் கொடுங்கடி!"

"எங்களுக்கே ஆளில்ல, போடி!"

உள்ளே, கடைசியில் நின்ற தொணதொண மறுபடி ஆரம்பித்தாள். "வேர்க்குது. இவன் முதுகைத் தவிர ஒண்ணுமே தெரியல. விரிப்பு என் தலைல மாட்டி இழுக்குது..."

கத்தலாம் என்று விரிப்புக்குள் திரும்பினாள் கடுகு. தொணதொணவின் மூக்கு சிவந்திருந்தது. முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. பாவமாக இருந்தது. எரிச்சல் மட்டும் குறையவில்லை.

"சரி, வந்து தொலை! எனக்கு முன்னாடி வந்து நில்லு. இங்கயாவது கொஞ்சம் காத்து வரும்."

தொணதொண வரிசையிலிருந்து கழன்று ஓடிவந்து முன்னால் ஒட்டினாள். விரிப்பு ஓரடி முன்னே போனது! பின்பக்கம் தானாக இழுபட்டு வந்தது.

கடுகு வாயைப் பிளந்தாள். "ஏய்... இப்ப யாரு கடைசி? நீயும் முன்னாடி வா! அடுத்து!"

பின்னால் கழன்றார்கள், முன்னால் ஒட்டினார்கள். ஒட்டி நின்றவர்கள் அசையவேயில்லை. அணு மட்டும் ஊர்ந்தது. பாதிக் கொட்டாவியோடு கிருமி உள்ளே போனது.

"ஐயோ, மூச்சு முட்டுது! விடுங்கடி!"

வாசலில் நின்ற அறிவியல் மிஸ் கை தட்டினார். "நிஜ ஆக்டினும் இதையேதான் செய்யுது! பின்னால கழன்ற துணுக்கு மறுபடி முன்னால போய் ஒட்டும். நான் இதைச் சொல்லித்தரவே இல்லையே! நாளைக்கு உங்க குழுதான் முதல்ல. யாரு யோசிச்சது?"

"யாரும் யோசிக்கல மிஸ்," என்றாள் கடுகு. "இவ தொல்லை தாங்கல."