பதினேழாம் பம்பின் மஞ்சள் விளக்கு

"அங்க குந்திகினு பாத்தா, நான் தெரிவனாம்மா?"

பம்ப் ஆப்பரேட்டர் தனகோட்டி ஒருமுறை போனில் இப்படிக் கேட்டபோது பொற்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க தெரிய மாட்டீங்க மாமா. மோட்டாருதான் தெரியும்" என்றாள்.

இப்போது அந்தச் சிரிப்பை நினைக்கவே அவளுக்குக் கூசியது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஜன்னல் இல்லாத அறை அது. பகலிலும் இருட்டு. ஓயாத ஏசி இரைச்சல். சுவர் நிறையத் திரை; அதைக் கவனிப்பதுதான் பொற்கொடியின் வேலை. கம்மாபுரம் பக்கம், கண்ணுக்கு எட்டாத தூரத்தில் சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைக்கும் இருபத்திரண்டு பம்புகளையும் ஒப்பந்தக் கம்பெனி இங்கிருந்தே ஓட்டியது. பச்சை என்றால் ஓடுகிறது. சிவப்பு என்றால் நிற்கிறது. மஞ்சள் என்றால், அங்கே ஓர் ஆள் சுவிட்சைத் தன் பக்கம் திருப்பிவிட்டு மோட்டாரில் கை வைத்திருக்கிறார். இங்கிருந்து யாரும் தொடக்கூடாது.

ஆடி மாதத்தில் ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு வந்து பொற்கொடி கதவைத் திறந்தபோது, பதினேழாம் பம்ப் மஞ்சளாக இருந்தது. அவள் கண்ணெதிரே இன்ஜினியர் சசிகுமார் தன் பாஸ்வேர்டைத் தட்டி அந்த மஞ்சளை அழித்தார். மோட்டாரை ஓட்டினார்.

"சிக்னல் கோளாறும்மா" என்றார்.

கோளாறு இல்லை. பம்புக் கிணற்றுக்குள் தனகோட்டி இருந்தார்.

அவர் செத்து இன்றோடு இருபது நாள். பதினேழுக்குப் போகும் கேபிளையே வெட்டி எடுத்துவிட்டார்கள். நாளைக்கு விசாரணை. சசிகுமார் டைப் செய்த தாளை அவள் முன் வைத்தார். தனகோட்டி குடித்துவிட்டு, சுவிட்சைத் திருப்பாமலே இறங்கினார் என்று அதில் இருந்தது.

"போடு கையெழுத்து. ஒன்பதாவதோட நின்ன பொண்ணுக்கு ஏசி ரூம்ல வேலை குடுத்திருக்கேன், ஞாபகம் வச்சுக்கோ."

பொற்கொடி பேனாவை எடுத்தாள். மணி இரண்டே முக்கால். தனகோட்டி செத்த நேரம்.

ஈரக் களிமண் வாடை வந்தது.

திரையில் பதினேழு மஞ்சளானது.

"கேபிளே இல்லையே, இது எப்படி..." என்றார் சசிகுமார்.

பொற்கொடி பேனாவை மூடி, தாளை அவர் பக்கமே தள்ளினாள்.

"மாமா குடிக்கல சார். அன்னிக்கும் இப்பிடித்தான் மஞ்சளா இருந்திச்சி. நான் பாத்தேன்."

"நீ சொன்னா எவன் நம்புவான்?"

"நம்புனா நம்பட்டும், நம்பலன்னா போவட்டும். நான் சொல்லிகினேதான் இருப்பேன்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பாஸ்வேர்டைத் தட்டினார். மஞ்சள் அழியவில்லை. பதினாறு மஞ்சளானது. பதினெட்டும் ஆனது. ஒவ்வொன்றாக, இருபத்திரண்டும்.

போன் அடித்தது.

பதினேழின் லைன்.

சசிகுமார் எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. ரிசீவரிலிருந்து தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் அவளுக்கும் கேட்டது. பிறகு, தொண்டையில் சேறு அடைத்த ஒரு குரல், மெதுவாக:

"அங்க குந்திகினு பாத்தா... நான் தெரிவனாம்மா?"

யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத பொற்கொடி, ரிசீவரை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். "தெரியறீங்க மாமா! நல்லாத் தெரியறீங்க. நாளைக்கி எல்லாருக்கும் தெரிய வெக்கிறேன்!"

சத்தம் நின்றது. பம்புகள் பச்சைக்குத் திரும்பின. பதினேழு மட்டும் திரும்பவில்லை.

சசிகுமார் தாளை எடுக்கவில்லை. செருப்பைக்கூடப் போடவில்லை. எழுந்து வெளியே நடந்தார்.

அவர் பின்னாலேயே, உலர்ந்த தரையில் இன்னொருவரின் சேற்றுக் கால்தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே போயின.