நன்றிப் பொத்தான்

செம்மணல்புரத்தில் காலையில் எதிரே வருபவரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று யாரும் கேட்பதில்லை. "இசைவு வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். செம்மணல் மேடான தேரிக்காடு முழுக்கச் சூரியத் தகடுகள் பதித்த ஊர் அது. வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் தகடும் மின்தேக்கியும் அக்கரை நாட்டில் செய்தவை. அங்கிருந்து தினமும் ஓர் இசைவுச் சைகை வந்தால்தான் அவை மின்சாரம் தரும். டீசலைத் தலைமுழுகிய பெருமையில் இருந்தவர்கள் இந்த நிபந்தனையை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இசைவு வந்ததும் பச்சைப் பொத்தானை அழுத்தி நன்றி அனுப்புவது மின்தேக்கக் கூடத்தில் அமலி என்கிற அமலோற்பவத்தின் பொறுப்பு. ஊர் அவளை 'நன்றியக்கா' என்று கேலி செய்யும். வாங்கியதற்கு நன்றி சொல்வது மரியாதைதானே என்று அவளும் சிரித்துக்கொள்வாள்.

அன்று சிரிப்பு வரவில்லை. சைகை வரும் கடலடிக் கம்பி அறுந்து முந்தின நாள் இசைவு வரவில்லை. காலையில் கம்பியை ஒட்டிவிட்டார்கள். அப்படியும் வரவில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே ஒரு விசிறிகூட ஓடவில்லை. சுகாதார நிலையத்தில் தங்கை ரோஸியின் குறைமாதக் குழந்தை வெப்பப் பேழையில் கிடந்தது. அங்கே மிச்சமிருந்த சேமிப்பு மதியம் வரைக்கும்தான் தாங்கும்.

தனி பேட்டரியில் ஓடும் மொழிமாற்றியில் அமலி அக்கரைக் கூடத்தின் யெலினை அழைத்தாள். இருவரும் வருடக்கணக்காகப் பேசிக்கொள்பவர்கள், முகம் பார்த்ததில்லை. மொழிமாற்றி யெலினின் பேச்சைச் சற்றுத் தாமதமாக, பாடப்புத்தகத் தமிழில் கொண்டுவந்து போடும்.

"ஏம்மா யெலின், இசைவு இன்னும் வரல்லியே! இங்க பச்சப்புள்ள கெடக்கு."

சிறிது நேரம் கழித்துப் பதில் வந்தது. "தோழி, தாங்கள் அல்லவா முதலில் அனுப்ப வேண்டும்?"

"நானா? நான் என்னத்த அனுப்ப?"

"தங்கள் நன்றியை. அது வராமல் எங்கள் நகரமும் இருண்டு கிடக்கிறது."

அமலிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்திலிருந்த பழுதுபார்ப்பவன் இசக்கிமுத்துவைப் பார்த்தாள். அவனும் திருதிருவென்று விழித்தான். சென்னை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அதிகாரி அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்.

"அவங்க பேட்டரியெல்லாம் நம்ம கடற்கரைக் கனிமத்துல செஞ்சது மேடம். அவங்க தகட்டுக்குப் பூட்டு போட்டாங்க, நாம கனிமத்துக்குப் போட்டோம். நம்ம சாவி உங்க நன்றிதான். தினம் அவங்க கொடுத்தா நாம கொடுப்போம். நேத்து ஒருநாள் விட்டுப்போச்சு; நேத்தைய நன்றி வரட்டும்னு அவங்க, இசைவு வரட்டும்னு நாம. இப்ப ரெண்டு பேரும் காத்திருக்கோம்."

"இத ஏன் சார் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க சாதாரணமா அழுத்தியிருப்பீங்களா? அவங்க முதல்ல கொடுக்கட்டும். பிடியை விட்டுடாதீங்க."

அமலி போனை வைத்தாள். இத்தனை வருடம் கையேந்தி வாங்குவதாக நினைத்திருந்தாள். கொடுத்துக்கொண்டும் இருந்திருக்கிறாள். அப்படியென்றால் அவள் காய்ச்சலில் படுத்து, நன்றியைச் சாயங்காலம் அனுப்பிய அந்த நாளில் அங்கே யார் இருட்டில் கிடந்தார்கள்?

விரல் பொத்தான் பக்கம் போனது. இசக்கிமுத்து பதறினான்.

"அக்கா, வாங்காம அழுத்தினா வாங்கிட்டோம்னு பதிவாயிரும். பெறவு அவிய இன்னைக்குத் தரணும்னே இல்ல. புள்ள நெலம என்னாவும்?"

அவன் சொன்னது நியாயம்தான். அமலி கையை இழுத்துக்கொண்டாள்.

"யெலின், ஒங்கிட்டயும் இப்படித்தான் சொல்லியிருக்காவளா?"

"ஆம். தாங்கள் முந்தும் வரை பொறுக்கச் சொல்லியுள்ளார்கள். என் தந்தை மூச்சுக்கருவியில் இருக்கிறார், தோழி. எனக்கு எதுவும் புரியவில்லை."

"எனக்கு மட்டும் புரியுதாக்கும்!" என்றாள் அமலி. "ஒண்ணு செய்வமா? சேந்து எண்ணுவோம். மூணு சொன்னதும் ரெண்டு பேரும் அழுத்துவோம். யாரும் முந்தல, யாரும் பிந்தல."

"சரி" என்ற சொல் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

"ஒண்ணு" என்றாள். "ரெண்டு" என்றாள். அக்கரையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மொழிமாற்றியின் தாமதம் அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. யெலின் எந்த எண்ணில் நிற்கிறாள்? எண்ணுகிறாளா, அல்லது அவளுக்கும் யாராவது போன் போட்டுத் தடுக்கிறார்களா? கேட்டுத் தெரிந்துகொள்ள நேரமில்லை.

"மூணு." கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிட்டாள்.

கூடம் அப்படியே இருண்டு கிடந்தது. இசக்கிமுத்து தலையில் கைவைத்துக்கொண்டான். மொழிமாற்றி நிதானமாகச் சொன்னது: "ஒன்று."

தங்கையிடம் என்ன சொல்வது?

"இரண்டு" என்றது மொழிமாற்றி.

அந்த நொடியில் தலைக்கு மேல் விசிறி சுற்றியது. மின்தேக்கிகள் வரிசையாக உறுமத் தொடங்கின. "மூன்று" அதற்கப்புறம்தான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் ரோஸி போனில் கத்தினாள். "அக்கா, கரண்டு வந்துட்டு! புள்ள காலை ஒதைக்கான்!"

அமலி நாற்காலியில் சரிந்தாள். யார் முந்தினார்கள்? அவள் நன்றிக்கு வந்த இசைவா இது, யெலின் நம்பிக் கொடுத்த இசைவா? எப்படிக் கூட்டிக் கழித்தாலும் விளங்கவில்லை. பழக்கதோஷத்தில் கை பச்சைப் பொத்தானைத் தேடியது. அது ஏற்கெனவே அழுந்திக் கிடந்தது. உண்மையாகவே நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் அதற்கென்று அவளிடம் ஒரு பொத்தான் இல்லை.

மொழிமாற்றியின் பக்கம் குனிந்தாள்.

"யெலின், ஒங்கப்பாவுக்கு மூச்சு வருதா?"

பதிலுக்குக் காத்திருந்தாள்.