அழியாத ஏழாவது புள்ளி

கூப்பிட்டால் வரும், உட்காரச் சொன்னால் உட்காரும், அந்த அளவுக்கு வெளிச்சத்தைப் பழக்கி வைத்திருக்கிறேன் என்பார் கண்ணாடிக்காரர். அவர் வேலை பார்க்கும் லேசர் ஆய்வுக்கூடத்திலேயே ஸ்டோர் பார்க்கும் அவருடைய மைத்துனன், "பொய்யைக் கொஞ்சம் தொடைச்சுட்டுக் குடுங்க மச்சான்" என்பான்.

இரண்டு கண்ணாடிகளை முகத்துக்கு முகம் நிறுத்தி, நடுவில் ஆவி அடைத்த குப்பியை வைத்து, லேசரை உள்ளே விடுவது அவர் வேலை. உள்ளே போன வெளிச்சம் வழி தெரியாத மாடு மாதிரி முட்டி மோதி, கடைசியில் தானாகவே ஆறு புள்ளிகளாகப் பிரிந்து, பின்னால் இருக்கும் வெள்ளை அட்டையில் பூப்போல நிற்கும். கண்ணாடியில் தூசி விழுந்தால் அது எந்த ஜன்னல் வழியாக வந்த தூசி என்று அவர் சொல்லிவிடுவார். அவர் தும்மினால் பக்கத்துக் கட்டிடத்து லேசர்கூட நடுங்கும் என்று ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பியவரும் அவர்தான்.

ஓய்வு பெற நான்கு நாள் இருக்கும்போது ஏழாவது புள்ளி வந்தது.

பூவுக்குச் சற்று இடப்பக்கம் தள்ளி, அடர் சிவப்பாக, குண்டூசித் தலை அளவுக்கு நின்றது. அப்படி ஒன்று வருவதில் அதிசயம் இல்லை. இன்னொரு கதிரால் ஒரு நொடி தொட்டால் அங்கே ஒரு புள்ளி ஒட்டிக்கொள்ளும், அழிக்கிற வரை நிற்கும். ஆனால் அவர் தொடவில்லை. அழித்தார். டீ குடித்துவிட்டு வந்தார். நின்றது.

மறுநாள் பிற்பகல் லேசரையே நிறுத்திப் பார்த்தார். மின்விசிறி சுழன்று ஓய்ந்தது, பம்பின் முனகல் அடங்கியது, கறுப்புத் திரைகளால் மூன்று மணியிலும் நடுநிசியாகவே இருக்கும் அந்த அறையில் சூடான தூசியின் வாசனையும் அதற்கு அடியில் வேறொரு இனிப்பு வாசனையும் மெல்ல எழுந்தன. ஆறு புள்ளிகள் அணைந்தன.

ஏழாவது அணையவில்லை.

அந்த இனிப்பு பிஸ்கட் வாசனை என்று அவருக்குத் தெரிந்தது. தெரியாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த அறையில் ஒரு வழக்கம். லேசரின் மூடியைத் திறக்கிறவர் "வெளிச்சம்" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் மூடியைத் திறக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். பத்தொன்பது வருடங்களுக்கு முன், அதே அறையில் உதவியாளனாக இருந்த மைத்துனன், கீழே விழுந்த திருகாணியை எடுத்துக்கொண்டு தலை நிமிர்ந்தபோது, கண்ணாடிக்காரரின் வாய் நிறைய பிஸ்கட். விழுங்கிவிட்டுக் கூப்பிட மூன்று நொடி ஆகியிருக்கும். அவர் பொத்தானை அழுத்தினார்.

விசாரணையில், கூப்பிட்டேன், "சரி" என்று பதிலும் வந்தது என்றார்.

மைத்துனன் அதை நம்பினான். நான்தான் கவனமில்லாமல் "சரி" சொல்லியிருப்பேன் என்று எல்லோரிடமும் சொன்னான். இடது கண் போய், ஸ்டோருக்கு மாற்றலாகி, அக்கா வீட்டுக்குச் சாப்பிட வரும்போதெல்லாம் அக்காவிடம் கவனக்குறைவுக்குத் திட்டு வாங்கினான். அந்தத் திட்டு நடக்கிற நேரத்தில் கண்ணாடிக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். விபத்தன்று கண் மருத்துவர் காட்டிய படத்தில், விழித்திரையின் இடப்பக்கம் ஒரு தழும்பு. குண்டூசித் தலை அளவு.

அட்டையில் நிற்பது அதுதான்.

அவர் அட்டையை எடுத்தார். புள்ளி சுவரில் நின்றது. குப்பியைக் கழற்றினார். நின்றது. கண்ணாடி இரண்டின் மேலும் துணி போட்டார். நின்றது. அட்டையை மறுபடி வைத்தார்.

மேஜைக்கு அடியிலிருந்து, யாரோ குனிந்து எதையோ தேடுகிற சத்தம். பிறகு ஒரு குரல். இளம் குரல்.

"சரி."

யாரும் கூப்பிடவில்லை. பதில் மட்டும் வந்தது.

ஸ்டோருக்கு எப்படி ஓடினார், புள்ளியைப் பற்றி எப்படிச் சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. மைத்துனன் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே வந்தான், அறைக்குள் நின்று அட்டையைப் பார்த்தான். வெறும் இருட்டு என்றான். இது ஓய்வு பெறுகிறவர்களுக்கு வருகிற ஜுரம், அக்காவிடம் சொல்லி நாலு நாள் படுக்க வைக்கிறேன் என்று சிரித்தான்.

அவருக்கு அது தெரிந்தது. அட்டையில், அதே இடத்தில். சிவப்பாக.

"மாப்ள, அன்னைக்கு நான் கூப்பிடல."

சாவிக்கொத்து நின்றது.

"வாயில பிஸ்கட் இருந்துச்சு. கூப்பிட்டேன்னு சொன்னது பொய்."

மைத்துனன் கையைத் தூக்கினான். பார்வையுள்ள வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். செத்துப்போன இடது கண்ணை அகலத் திறந்தான்.

அட்டையைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். எதையோ தேடுகிறவன் மாதிரி, மெல்ல, மிக மெல்ல, இவர் பக்கம் திரும்பினான்.

நின்றான்.

கண்ணாடிக்காரர் கண்களை இறுக மூடினார். உள்ளே இருட்டில்லை. ஆறு புள்ளிகள். பூப்போல. இடப்பக்கம் இன்னொன்று. சூடாக.

"இருக்கு மச்சான்," என்றான் மைத்துனன். "நீங்க சொன்ன புள்ளி நிஜம்தான். ஆனா அட்டையில இல்ல. உங்க முகத்துல."